இடம் பிசகிய பெங்குவின்

தென்முனைக் கடலிலுள்ள குளிர்த்தீவுகளில் கூட்டம் கூட்டமாக வாழும் ஜென்டூ பெங்குவினுக்கு அறிவியலார் வழங்கும் பெயர் 'பைகோசெலிஸ் பப்புவா' என்பதாகும். ஆனால் நிலநடுக்கோட்டுக்கு அருகே மழைக்காடு அடர்ந்து கிடக்கும் பப்புவா நியூகினியில் எந்தப் பெங்குவினும் வாழ்வதில்லை. இந்தப் பிழையின் வேர் 1776ஆம் ஆண்டில் பாரிசில் அச்சேறிய ஒரு பயண நூலில் இருக்கிறது. அதை எழுதிய பியேர் சோன்னெரா, 1748இல் லியோன் நகரில் பிறந்தவர். இன்று மொரீஷியஸ் என்று வழங்கும் தீவில் பிரெஞ்சு அரசின் நிர்வாகியாக இருந்த பியேர் புவாவ்ரின் உறவினர். வாசனைப் பயிர்களின் நாற்றுகளைத் தேடி மொலுக்கஸ் தீவுப் பக்கம் சென்ற கப்பலில் பயணம் செய்தவர். நியூகினிப் பயணம் என்று தலைப்பிட்ட அந்த நூலில் அவர் மூன்று பெங்குவின்களைப் படத்தோடு விவரித்து, அவை நியூகினியைச் சேர்ந்தவை என்று எழுதினார். 1781இல் ஜெர்மானிய அறிஞர் யோகான் ரைன்ஹோல்ட் ஃபோர்ஸ்டர் அவற்றுள் ஒன்றுக்கு அறிவியல் பெயர் சூட்டியபோது அந்த ஊர்ப்பெயரும் கூடவே ஒட்டிக்கொண்டது. ஆஸ்திரேலியாவின் சிரிக்கும் மீன்கொத்தியான கூக்கபராவும் இதே நூலின் வழியாகவே நியூகினிப் பறவையாகப் பதிவாகி, இன்றும் தன் பெயரில் அத்தீவைச் சுமந்து திரிகிறது.

இதே சோன்னெராவுக்கும் புதுச்சேரிக்கும் உள்ள உறவு நெருக்கமானது. சோழமண்டலக் கரையில் அவர் பல ஆண்டுகள் வாழ்ந்தார். ஏனாமில் பிரெஞ்சு நிர்வாகப் பொறுப்பிலும் இருந்தார். 1782இல் வெளிவந்த அவருடைய கீழை இந்தியப் பயண நூல் இப்பகுதியின் மக்களையும் தொழில்களையும் கோயில்களையும் பறவைகளையும் அவரே வரைந்த படங்களோடு காட்டுகிறது. வயல்வரப்பில் ஓடும் கவுதாரியின் அறிவியல் பெயரிலும், மரச்செறிவில் பூச்சி தேடும் ஒரு சிறு பறவையின் அறிவியல் பெயரிலும் 'பாண்டிசெரியானஸ்' என்ற சொல் நிற்பதற்கு அவர் தந்த விவரணைகளே காரணம். 1789இல் கிமெலின் என்ற ஜெர்மானியர் அவற்றைப் படித்தே அப்பெயர்களை இட்டார். சாம்பல் நிறக் காட்டுக்கோழியின் பெயரில் சோன்னெராவே இடம்பெற்றிருக்கிறார். புதுச்சேரியைச் சுற்றித் தம் கண்ணால் கண்டவற்றில் அவர் எழுத்து இடத்தை விட்டு விலகவில்லை. எங்கோ பிறர் பிடித்துப் பாடம் செய்த தோல்களை வைத்துத் தீட்டிய படங்களில்தான் இடம் பிசகியது. வரைந்த கை ஒன்றே, கண்ட கண் மட்டும் வேறு என்று இதைச் சொல்லலாம். தொலைவிலுள்ள தீவுகளையும் அவற்றின் பறவைகளையும் படமெடுக்கும் இன்றைய ஒளிப்படக்காரர் முதலில் எண்ணிப் பார்க்க வேண்டியது கருவியைப் பற்றியல்ல, இந்த வேறுபாட்டைப் பற்றித்தான்; ஏனெனில், அப்படத்தைக் காண்பவர்களில் ஆயிரத்தில் ஒருவர்கூட அந்தத் தீவுக்குச் சென்று சரிபார்க்கப் போவதில்லை.

பறவைக்கு நேர்ந்தது நிலத்துக்கும் நேர்ந்தது. மொரீஷியஸிலிருந்து சோழமண்டலக் கரைக்குச் செல்லப் புதிதாக முன்மொழியப்பட்ட ஒரு கடல்வழியைச் சோதிக்கும் பணியையும் சேர்த்துக்கொண்டு 1771இல் பிரான்சிலிருந்து புறப்பட்ட இவ் ஜோசப் த கெர்கெலன் என்ற கடற்படை அதிகாரி, 1772 பிப்ரவரியில் இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் ஒரு தீவைக் கண்டார். அவர் அதில் கால் வைக்கவில்லை. துணைக்கப்பலில் வந்தவர்களே கரையிறங்கினார்கள். ஆனால் பிரான்சுக்குத் திரும்பியதும் அவர், பயிர் விளையும், மக்கள் குடியேறத்தக்க, வளமான தென்னாட்டின் ஒரு பகுதியைக் கண்டதாக அரசரிடம் கூறினார். இரண்டாம் பயணத்தில் உண்மை வெளிப்பட்டது: அது மரமே இல்லாத, ஓயாக் காற்றும் பனியும் ஆளும் தீவு. கெர்கெலன் விசாரணைக்கு உள்ளாகிச் சிறைக்குச் சென்றார். 1776 கிறிஸ்துமஸ் நாளில் அங்கு வந்து சேர்ந்த ஆங்கிலேய மாலுமி ஜேம்ஸ் குக், பாழ்நிலம் என்ற பொருளில் அதற்கு ஒரு பெயரும் சொல்லிவிட்டுப் போனார். அவருடன் வந்த ஓவியர் ஜான் வெபர் அந்தக் குடாவை வரைந்தார். கரையில் பெங்குவின்களும், பின்னணியில் கடலுக்குள் நீட்டி நிற்கும் மாபெரும் பாறை வளைவும் அதில் உள்ளன. ஆக, பாரிசில் பெங்குவின்கள் நியூகினியில் இருப்பதாக அச்சான அதே ஆண்டின் இறுதியில், பெங்குவின்கள் உண்மையில் நிற்கும் கரையில் நின்றுகொண்டு ஒருவர் அவற்றை வரைந்துகொண்டிருந்தார்.

வெபர் வரைந்த பாறை வளைவு இன்று இல்லை. 1910ஐ ஒட்டிய ஆண்டுகளில் அதன் மேற்பகுதி இடிந்து விழுந்து, இரண்டு தூண்கள் மட்டும் எஞ்சி நிற்கின்றன. யாருமே நிலையாகக் குடியிராத தீவில் ஒரு பாறை வளைவு எப்போது விழுந்தது என்பதற்குச் சாட்சி சொல்ல ஆள் கிடையாது. அங்கு வந்துபோனவர்களின் குறிப்புகளையும் படங்களையும் தேதிவாரியாக அடுக்கித்தான் அந்தக் காலத்தை ஓரளவு குறுக்க முடிகிறது. புதுச்சேரி நகரத்தாருக்கு இந்த நிலை புதியதன்று. 1980களின் பிற்பகுதியில் துறைமுகத்துக்காக அலைத்தடுப்புச் சுவர்கள் எழுந்தபின், தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் தடைபட்டு, நகரின் முன்னிருந்த மணற்கரை கரைந்து, கடற்கரைச் சாலையைக் காக்கக் கருங்கற்களைக் கொட்ட வேண்டி வந்தது; அந்தச் சாலைக்கு முன்னே குழந்தைகள் ஓடி விளையாடும் அளவுக்கு மணல் இருந்தது என்பதைப் பிற்காலத்தில் பிறந்தவர்கள் பழைய குடும்பப் படங்களைப் பார்த்தே நம்புகிறார்கள். நிலக்காட்சிப் படம் அழகுக்காக எடுக்கப்பட்டாலும், ஐம்பது ஆண்டுக்குப் பிறகு அது ஆவணமாகவே வாசிக்கப்படும். பின்பக்கம் ஆண்டு எழுதப்படாத படம் அந்த வாசிப்புக்கு மிகக் குறைவாகவே உதவும்.

கடற்பறவை என்ற சொல்லின் எல்லையை இங்கே விளக்க வேண்டும். கழிமுகத்தில் நின்று மீன் பிடிக்கும் கொக்கும் நாரையும் நீர்ப்பறவைகளே ஆயினும் கடற்பறவைகள் அல்ல. உணவுக்குப் பெரும்பாலும் கடலையே நம்பி, வாழ்நாளின் பெரும்பகுதியைக் கடலில் கழிப்பவையே இப்பெயருக்கு உரியவை: ஆலாக்கள், அல்பட்ராஸ்கள், புயற்பறவைகள், பூபிகள், பெங்குவின்கள் முதலியன. இவற்றின் கண்ணுக்கு மேலுள்ள ஒரு சுரப்பி, குடித்த கடல்நீரின் உப்பைப் பிரித்து மூக்கின் வழியே வெளியேற்றுவதால் நன்னீர் இல்லாமலும் இவற்றால் வாழ முடிகிறது. முட்டையிடுவது மட்டுமே இவற்றால் கடலில் முடியாத காரியம். அதற்காகவே இவை நிலத்துக்கு வருகின்றன. வரும்போதும் எலி, பூனை, நாய், மனிதர் என்று எந்தக் கொன்றுண்ணியும் இல்லாத இடத்தையே தேர்கின்றன, அப்படிப்பட்ட இடம் பெரும்பாலும் நடுக்கடல் தீவாகவே அமைகிறது. ஒளிப்படக்காரரைக் கவரும் தனிமை, பறவைக்கு உயிர்காக்கும் ஏற்பாடு. தீவின் தொலைவு குறைந்தால், அதாவது ஒரு படகும் ஒரு கூட்டமும் அங்கே எளிதில் போய்வரத் தொடங்கினால், பறவை எதற்காக அந்தத் தீவைத் தேர்ந்ததோ அதுவே இல்லாமல் போகிறது.

இந்தியாவில் இதற்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு லட்சத்தீவுக் கூட்டத்தின் பிட்டி. தீவுவாசிகள் பட்சிப்பிட்டி என்றும் அழைக்கும் இது, கவரத்தியிலிருந்து வடமேற்கே ஏறத்தாழ 25 கி.மீ. தொலைவில், பவளப்பாறை மேடையின் மீது மணலும் பவளத்துண்டுகளும் குவிந்து உருவான திட்டு. பரப்பு சற்றேறக்குறைய 1.2 ஹெக்டேர், அதாவது மூன்று ஏக்கர். மரம் இல்லை, குடிநீர் இல்லை, நிழலும் இல்லை. இந்தியப் பறவையியலின் முன்னோடிகளில் ஒருவரான ஆலன் ஆக்டேவியன் ஹியூம் 1875இல் லட்சத்தீவுப் பகுதியில் பயணம் செய்து, தாம் நடத்திய பறவையியல் இதழில் அடுத்த ஆண்டு அதை விரிவாக எழுதினார். நிலக்கரி போல் முதுகு கருத்து வயிறு வெளுத்த சூட்டி டெர்ன் என்ற ஆலா, மஞ்சள் அலகுடன் தலைமயிர் சிலிர்த்து நிற்கும் பெரிய கொண்டை ஆலா, பிரவுன் நாடி என்று பெயர் பெற்ற பழுப்பு நிற உறவுக்காரப் பறவை ஆகியவை பிட்டியில் கூட்டமாகக் கூடி முட்டையிடுகின்றன. 2020இல் லட்சத்தீவு நிர்வாகம் பிட்டியையும் அதைச் சுற்றிய 62 சதுர கி.மீ. கடலையும் பி. எம். சயீத் கடற்பறவைகள் பாதுகாப்புக் காப்பகம் என அறிவித்தது. ஒரு சதுர கிலோமீட்டரில் எண்பதில் ஒரு பங்கே உள்ள திட்டைக் காக்க அத்தனை கடலைச் சேர்த்ததில் நல்ல விவேகம் இருக்கிறது, பறவையின் இரை கடலில்தான் இருக்கிறது.

பிட்டியைப் போன்ற இடத்தில் படமெடுப்பவரால் என்ன கேடு நேரும் என்பதை, நல்லெண்ணம் மிக்கவர்களும் உணர்வதில்லை. இப்பறவைகளில் பெரும்பாலானவை முறையான கூடு கட்டுவதில்லை. மணலில் சிறு பள்ளம், அதில் பொதுவாக ஒரே ஒரு முட்டை. குளிர்நாடுகளில் பறவை முட்டையின் மேல் அமர்வது சூடு கொடுப்பதற்காக. நம் கடல்களின் திட்டுகளில், நண்பகலில், அது அமர்வதும் சிறகு விரித்து நிற்பதும் பெரும்பாலும் நிழல் கொடுப்பதற்காக. மனிதர் ஒருவர் நெருங்கினால் பறவைகள் மொத்தமாக எழும்பும். கால் வைக்க முடியாதபடி கொதிக்கும் மணலில் முட்டை கிடக்கும். சில நிமிடங்களில் உள்ளிருக்கும் உயிர் வெந்துவிடும். மணல் நண்டுகளும் காத்திருக்கின்றன. ஆயிரம் ஆலாக்கள் வானை மறைத்து எழும்பும் படம் பலருடைய பாராட்டைப் பெறுகிறது. அந்தப் படம் எப்படி வந்தது என்று கேட்பவர் குறைவு. பறவைகள் தாமாக எழுந்தனவா, ஒருவர் ஓடிப்போய்க் கிளப்பினாரா என்பது படத்தில் தெரியாது. ஆனால் இனப்பெருக்க காலத்தில் எடுக்கப்பட்ட அத்தகைய படங்களைப் பார்க்கும்போது முட்டைகளின் நினைவு வருவது நியாயமானதே. ஆளில்லாப் பறக்கும் கருவிகள் வந்தபின் நிலைமை இன்னும் கடினமாகியிருக்கிறது. 2021 மே மாதம் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் போல்சா சீகா என்ற காப்பிடத்தில் ஒரு டிரோன் விழுந்தபோது, அங்கே கூடியிருந்த எழில் ஆலாக்கள் அஞ்சிக் கிளம்பி, ஏறத்தாழ 1,500 முட்டைகளைக் கைவிட்டுப் போய்விட்டன. அந்தக் கருவி எந்தப் பறவையையும் தாக்கவில்லை, விழுந்ததே போதுமானதாக இருந்தது.

தமிழ்நாட்டுக்கு மிக அருகில் உள்ள கடற்பறவைத் தொட்டில், தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே சேது என்றும் ஆதாம் பாலம் என்றும் வழங்கும் மணல்திட்டுகளின் வரிசையாகும். கடலோட்டமும் காற்றும் ஆண்டுதோறும் உருமாற்றும் இத்திட்டுகள் பாதி இந்தியாவிலும் பாதி இலங்கையிலும் அடங்குகின்றன. இலங்கைப் பகுதி 2015இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. இரு நாட்டு ஆய்வாளர்களும் அண்மை ஆண்டுகளில் இங்கே பல வகை ஆலாக்கள் முட்டையிடுவதைப் பதிவுசெய்துள்ளனர். கடற்படைக் கண்காணிப்பால் பொதுமக்கள் எளிதில் செல்ல இயலாத பகுதி இது. அகதிகளையும் மீனவர்களையும் துன்புறுத்திய அதே எல்லைக்கோடுதான் ஆலாவின் முட்டைக்குக் காவலாகவும் நிற்கிறது என்பது மனத்தை வருத்தும் உண்மை. தனுஷ்கோடியின் அரிச்சல்முனையில் நின்று கரையிலிருந்தே ஆலாக்களைப் படமெடுக்க முடியும். திட்டுக்குச் செல்ல அனுமதி கிடைக்கவில்லையே என்று ஏங்குவதைவிட அது நிறைவானது, பறவைக்கும் அதுவே நலம்.

புதுச்சேரிக்கு எதிரே தீவு ஏதும் இல்லை. ஆனால் தீவுகளின் பறவைகள் இக்கடலுக்கு வருகின்றன. கெர்கெலன் தீவிலும் அண்டார்டிகாவைச் சுற்றிய பிற தீவுகளிலும் பாறை இடுக்குகளில் முட்டையிடும் வில்சன் புயற்பறவை, தென்முனையில் குளிர்காலம் தொடங்கியதும் வடக்கே கிளம்பி, ஏறத்தாழ மே முதல் செப்டம்பர் வரையான மாதங்களில் அரபிக் கடலிலும் வங்கக் கடலிலும் இரை தேடுகிறது. எடை நாற்பது கிராம் அளவே. சிட்டுக்குருவியைவிடச் சற்றே பெரியது. உடல் கரும்பழுப்பு, பிட்டத்தில் வெள்ளைப் பட்டை, கால்விரல்களுக்கிடையே மஞ்சள் சவ்வு. இரை கொத்தும்போது சிறகை உயர்த்திப் பிடித்து, காலால் நீரைத் தட்டித் தட்டி அலையின் மேல் நடப்பதுபோல் நகரும். கடல்மேல் நடந்த பேதுருவின் பெயரிலிருந்தே இவ்வினத்தின் ஐரோப்பியப் பெயர் வந்தது என்று மரபாகச் சொல்லப்படுகிறது. கெர்கெலன் தேடிக் கிளம்பிய சோழமண்டலக் கடல்வழியை அவருடைய தீவின் பறவை ஆண்டுதோறும் வழிகாட்டி இல்லாமல் கடந்து வருகிறது என்பது, பிரெஞ்சுக் கப்பல்களின் நினைவு தேங்கிய இந்நகரத்துக்கு உரிய அழகிய செய்தி.

வம்பாகீரப்பாளையம், வைத்திக்குப்பம், வீராம்பட்டினம் முதலிய ஊர்களின் மீனவர்கள் ஃபைபர் படகில் விடியலுக்கு முன்பே கிளம்பிவிடுகிறார்கள். ஏப்ரல் 15 முதல் 61 நாட்கள் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடை இருப்பதால், அக்காலத்தில் கடலில் இருப்பவை பெரும்பாலும் இச்சிறு படகுகளே. அவர்களுக்குப் பறவை ஒரு குறி. ஆலாக்கள் ஒரே இடத்தில் விழுந்து எழுந்தால் கீழே மீன்கூட்டம் மேலேறி வந்திருக்கிறது என்று பொருள். கச்சான் எனப்படும் மேல்காற்று, வாடைக்காற்று, கீழ்த்திசையிலிருந்து வரும் கொண்டல் என்று காற்றை அவர்கள் பெயர்சொல்லி அறிவார்கள். பறவைகளைப் படமெடுக்க விரும்புபவர் அந்தப் படகோட்டியை வாடகை வண்டியின் ஓட்டுநரைப்போல் கருதாமல் ஆசானாகக் கொண்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

மீதிப் பாதி ஒளியைப் பற்றியது. புதுச்சேரிக் கடல் கிழக்கே பார்த்தது. காலையில் கரையிலிருந்து கடலை நோக்கினால் கதிரவன் எதிரே இருப்பதால் பறவை வெறும் நிழலுருவாகவே பதியும். படகு பறவைகளைத் தாண்டிக் கிழக்கே சென்று, மேற்கு நோக்கித் திரும்பி நின்றால்தான் ஒளி படமெடுப்பவரின் முதுகுப்பக்கம் வரும். கருத்த நீரின்மேல் வெள்ளைப் பறவை பறக்கும்போது, கேமரா நீரின் கருமையைக் கணக்கிட்டு ஒளியைக் கூட்டிவிடுவதால் வெள்ளை இறகுகளின் வரிகள் கரைந்து சுண்ணாம்பு பூசியதுபோல் ஆகிவிடும். ஆகவே ஒளியளவை எடுப்பவரே குறைத்து நிலைநிறுத்த வேண்டும். புயற்பறவையின் கருமைக்கு இதற்கு நேர்மாறு. முக்காலி படகில் பயன்படாது, இயந்திரத்தின் அதிர்வை அது அப்படியே கேமராவுக்குக் கடத்தும். கால்முட்டியைச் சற்று மடக்கி உடலையே ஊசலாக்கி நிற்பதுதான் வழி. மிக நீண்ட லென்ஸைவிட 300 அல்லது 400 மில்லிமீட்டர் லென்ஸ் இங்கே உகந்தது, ஏனெனில் ஆடும் படகில் குறுகிய பார்வைக்குள் பறவையைக் கண்டுபிடிப்பதற்குள் அது போய்விடும். நொடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு என்ற அளவில் ஷட்டர் திறந்து மூடினால் சிறகடிப்பு உறைந்து நிற்கும். இயந்திரத்தை அணைத்துவிட்டுக் காத்திருப்பது எல்லாவற்றிலும் மேலானது. துரத்தினால் பறவையின் முதுகும் வாலும் கிடைக்கும், காத்திருந்தால் அது தானே வரும். உப்புத்துளி படிந்த கண்ணாடியை உலர்ந்த துணியால் தேய்த்தால் கீறல் விழும் என்பதையும் இங்கே சொல்லிவைப்பது நல்லது. நன்னீரில் நனைத்த மென்துணியே அதற்குரியது.

நிலக்காட்சி என்று வரும்போது தமிழருக்கு ஒரு முன்னோர் இருக்கிறார். தமிழ் நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகனும், 1950 முதல் 1996இல் மறையும்வரை ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் இயற்கைக் குறிப்புகளை எழுதியவருமான மா. கிருஷ்ணன், பல கருவிகளின் பாகங்களை இணைத்துத் தாமே அமைத்துக்கொண்ட கேமராவில், கருப்பு வெள்ளையில் மட்டுமே படமெடுத்தார். விலங்கின் முகத்தை மட்டும் பெரிதாக்கிக் காட்டுவதைவிட, அது நிற்கும் புல்லும் மரமும் மண்ணும் சேர்ந்து தெரியும்படி எடுத்த அவருடைய படங்களில் விலங்கு தன் நிலத்தோடு பிரியாமல் இருக்கிறது. கடற்பறவைக்கு இது இன்னும் பொருந்தும். நீல வெளியில் தனியே மிதக்கும் ஆலாவின் படம் எந்தக் கடலுக்கும் சொந்தமாகலாம். அதன் கீழே ஒரு கட்டுமரமோ, வலையின் மிதவையோ, மழை மறைத்த தொடுவானமோ இருந்தால் அது ஓர் இடத்தின் படமாகிறது.

தீவுகளைக் கன்னி நிலங்களாகக் காட்டும் ஆசை இந்த நேர்மைக்குப் பகை. மடகாஸ்கருக்குக் கிழக்கே ஒரு சதுர கிலோமீட்டர் அளவே உள்ள டிரோமெலின் தீவு, இன்று செங்கால் பூபிகளும் முகமூடிப் பூபிகளும் முட்டையிடும் இடம். அதன் படங்கள் மனிதக் காலடி படாத மணலைப்போல் தோன்றும். ஆனால் 1761 ஜூலையில் அடிமைகளை ஏற்றிவந்த யுடீல் என்ற பிரெஞ்சுக் கப்பல் அங்கே உடைந்தது. மாலுமிகள் படகு கட்டித் தப்பினார்கள். மீட்க வருவோம் என்று சொல்லி விட்டுச்செல்லப்பட்ட மடகாஸ்கர் மக்கள் பதினைந்து ஆண்டுகள் அந்த மணலில் பவளக்கல் அடுக்கி வீடு கட்டி, ஆமைகளையும் கடற்பறவைகளையும் உண்டு வாழ்ந்து மடிந்தார்கள். 1776 நவம்பர் 29 அன்று மீட்கப்பட்டவர்கள் ஏழு பெண்களும் ஒரு கைக்குழந்தையும் மட்டுமே. பிற்கால அகழாய்வில் அவர்கள் சமைத்த பறவைகளின் எலும்புகள் கிடைத்தன; சூட்டி டெர்ன் எலும்புகள் அவற்றில் மிகுதி. பசிபிக் நடுவிலுள்ள மிட்வே தீவில் அமெரிக்க ஒளிப்படக்காரர் கிறிஸ் ஜோர்டன் 2009இல் எடுத்த படங்கள் வேறு வகையில் நேர்மையானவை. இறந்து உலர்ந்த அல்பட்ராஸ் குஞ்சுகளின் வயிற்றிலிருந்த பாட்டில் மூடிகளையும் பிளாஸ்டிக் துண்டுகளையும் அவர் நகர்த்தாமல், அடுக்காமல், கிடந்தபடியே பதிவுசெய்தார். தாய்ப்பறவை கடலில் மிதந்ததை மீனென்று நினைத்து ஊட்டியவை அவை. அதே தீவில் 1956இல் காலில் வளையம் மாட்டப்பட்ட ஒரு லேசான் அல்பட்ராஸ் 2024இன் இறுதியிலும் முட்டையிட்டது என்பதையும் சேர்த்தே அத்தீவை நினைக்க வேண்டும். குப்பையை வெட்டி நீக்கிய படமும், குப்பையை மட்டுமே காட்டும் படமும் அத்தீவைப் பாதியளவே காட்டும்.

ஒரு படம் இவ்வளவு பொறுப்பைத் தாங்குமா என்ற ஐயத்துக்கு நியூசிலாந்தில் விடை உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கிடைத்த மூன்று பாடம் செய்த உடல்களைத் தவிர வேறு சான்று இல்லாமல், அற்றுப்போனதாகக் கருதப்பட்ட நியூசிலாந்துப் புயற்பறவையை, 2003 ஜனவரியில் படகில் சென்ற பறவை நோக்கர்கள் படமெடுத்தார்கள். வயிற்றின் வெள்ளையில் ஓடும் கருவரிகள் படத்தில் தெளிவாக இருந்தன. இடமும் நாளும் இருந்தன. ஆகவே ஆய்வாளர்கள் அந்தக் கடலைத் தேடத் தொடங்கினார்கள். 2013இல் ஆக்லாந்துக்கு அருகே ஹௌடுரு என்ற தீவுக் காட்டில் அதன் இனப்பெருக்க இடம் கண்டறியப்பட்டது. படத்தோடு இடமும் நாளும் இல்லாதிருந்தால் எந்தக் கடலில் தேடுவது என்றே தெரிந்திருக்காது.

இன்றைய கேமராவும் ஜி.பி.எஸ். கருவியும் நேரத்தையும் இடத்தையும் தாமாகவே குறித்துக்கொள்வதால் சோன்னெராவின் பிழை இனி நேராது என்று கருதுவது தவறு. கேமராவின் கடிகாரம் வேறொரு நாட்டு நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கலாம். படம் கைமாறிக் கைமாறிச் செல்லும்போது அந்தக் குறிப்புகள் உதிர்ந்துவிடுகின்றன. மாலத்தீவில் எடுத்த ஆலா ஒரே வாரத்தில் ராமேசுவரத்து ஆலாவாக ஊரெங்கும் உலவுகிறது. முட்டையிடும் திட்டின் துல்லியமான இடத்தை எல்லாருக்கும் அறிவிப்பது அடுத்த படகை அங்கே அனுப்பிவிடும் என்ற அச்சமும் நியாயமானது. பொதுவில் கடற்பகுதியின் பெயரை மட்டும் சொல்லி, முழு விவரத்தைக் குறிப்பேட்டிலும் ஆய்வாளரிடமும் வைப்பது இரண்டுக்கும் பொருந்தும் வழி. ஜென்டூ பெங்குவினைப் பொறுத்தவரை, முறைப்படி முதலில் இட்ட பெயர் பொருத்தமற்றதாயினும் மாற்றப்படலாகாது என்பது விலங்குப் பெயரிடலின் பன்னாட்டு விதி என்பதால், அது பப்புவாவாகவே நீடிக்கும். புதுச்சேரிக் கடலில் ஒரு ஜூலைக் காலையில் படமாகும் புயற்பறவைக்கு அந்த நிலை வேண்டியதில்லை; தேங்காய்த்திட்டு முகத்துவாரத்திலிருந்து கிழக்கே இத்தனை கடல்மைல், காலை ஏழே முக்கால், கச்சான் காற்று, இயந்திரம் அணைத்திருந்தது, பறவை தானாக நெருங்கி வந்தது என்று படத்தின் கீழே ஒரு வரி எழுத இடம் இருக்கிறது.